நல்ல மரத்தை மட்டும் வெட்டினால் காட்டுக்கு என்ன ஆகும்?

ஊரில் வீடு கட்டும்போது நிலையும் கதவும் முதிரையில் அமைய வேண்டும் என்பது எம்மவர் பலரின் விருப்பம். கறையான் எளிதில் அரிக்காது, தலைமுறை தாண்டி நிற்கும். புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து பணம் அனுப்பி வீடு கட்டுபவர்களும் இதையே கேட்கிறார்கள். அந்த முதிரை வன்னிக் காடுகளுக்கு உரிய மரம். அதனால் அதை வெட்டும்போது காட்டில் என்ன நடக்கிறது என்பது எமக்கும் உரிய கேள்வி.

காட்டை முழுவதுமாக அழிப்பது ஒரு வகை. விலைபோகும் மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டுவது இன்னொரு வகை. இரண்டாவதில், தூரத்தில் இருந்து பார்த்தால் காடு அப்படியே நிற்கும். பாதிப்பு உள்ளேதான்.

தேர்ந்து வெட்டுபவர் நேராகவும் பருமனாகவும் வளர்ந்த மரத்தையே நாடுவார். விதை தரும் தாய்மரமும் அதுதான். கோணல் மரங்களும் பொந்து விழுந்தவையும் எஞ்சுகின்றன. முதிரையின் விதை சிறகுள்ளது, காற்றில் பரவும். அருகில் தாய்மரம் இல்லாத இடத்தில் புதிய கன்று முளைப்பது அரிது. முளைத்தாலும் மிக மெதுவாகவே வைரம் பாயும்.

பாலையை வெட்டினால் இழப்பு மரத்தோடு முடிவதில்லை. பாலைப்பழக் காலத்தில் கரடியும் குரங்கும் பறவைகளும் அந்த மரங்களை நம்பியிருக்கின்றன. விதைகளைக் காடெங்கும் கொண்டுபோவதும் அவைதான்.

பெரிய மரம் ஒன்று சரியும்போது பக்கத்து மரங்களையும் முறித்துக்கொண்டே விழுகிறது. அதை இழுத்துவர உழவு இயந்திரத்துக்குப் பாதை வேண்டும். பாதை திறந்தால் அடுத்தவரும் உள்ளே வருவார். வெயில் விழும் இடத்தில் புல்லும் முட்பற்றையும் மண்டி, கோடையில் தீக்கு இரையாகும்.

தெற்கே சிங்கராஜக் காட்டில் 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரங்களைக் கொண்டு இவ்வாறு மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்ததால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் அக்காடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பொதுமக்களின் குரலுக்குப் பயன் உண்டு என்பதற்கு இது சான்று.

தேர்ந்து வெட்டுவது எப்போதும் தவறு என்பதல்ல. மரங்களை எண்ணி, விதைமரங்களை விட்டுவைத்து, பல பத்தாண்டுகள் காட்டுக்கு ஓய்வு கொடுத்தால் அது தாங்கும். அந்த ஒழுங்கு இல்லாததால்தான் 1990இல் இலங்கையின் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது தடைசெய்யப்பட்டது. ஆனாலும் கள்ளமாக வெட்டுவது தொடர்கிறது.

எனவே அடுத்த முறை கதவுக்குப் பணம் அனுப்பும்போது, மரம் எங்கிருந்து வந்தது, அனுமதிப்பத்திரம் உண்டா என்று மரக்காலையில் கேட்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் வளர்த்த தேக்கும் வளவில் நின்ற வேம்பும் நல்ல கதவாகும். இடிந்த வீட்டின் பழைய நிலையைச் சீவி எடுத்தால், புதிதாக ஒரு மரம் சரிய வேண்டியதில்லை.