ஆமை ஓட்டில் இருந்து கொலாஜன்: ஆய்வகத்தில் எப்படி எடுக்கப்படுகிறது, இந்தியாவில் ஏன் தடை?

புதுதில்லி: காயத்தின் மீது ஒட்டப்படும் படலம், எலும்புக் குறையை நிரப்பும் பஞ்சு போன்ற மருத்துவப் பொருள்கள் பலவற்றுக்கு அடிப்படை, கொலாஜன் என்னும் புரதம். பெரும்பாலும் மாடு, பன்றி ஆகியவற்றின் தோலில் இருந்தும் எலும்பில் இருந்தும் இது தயாரிக்கப்படுகிறது. ‘மேட் கவ்’ நோய் குறித்த அச்சமும் சமயம் சார்ந்த தயக்கங்களும் ஆய்வாளர்களை நீர்வாழ் உயிரினங்களின் பக்கம் திருப்பியுள்ளன. அவ்வாறு ஆராயப்படுபவற்றில் ஒன்று ஆமை ஓடு.

ஓட்டின் பளபளப்பான வெளித்தகடு, மனித நகத்தைப் போலவே கெரட்டினால் ஆனது. அதில் கொலாஜனைத் தேடுவது வீண். அதன் கீழே, முதுகெலும்பும் விலா எலும்புகளும் இணைந்து உருவான எலும்புக் கவசத்தில்தான் தாதுவுடன் பின்னிய கொலாஜன் இழைகள் உள்ளன. மென் ஓட்டு ஆமைகளுக்கு வெளித்தகடே கிடையாது. எலும்பைத் தடித்த தோல் போர்த்தியிருக்கும். விளிம்பிலும் கொலாஜன் செறிந்த திசு உண்டு. சீனாவில் இவ்வகை ஆமைகள் உணவுக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படுவதால், அங்கு ஓடு கிடைப்பதில் சிக்கல் இல்லை.

பொடியாக்கிய ஓடு முதலில் நீர்த்த காரக் கரைசலில் ஊறவைக்கப்படுகிறது. பிற புரதங்கள் நீங்குகின்றன. அடுத்து, ‘ஈடிடிஏ’ என்ற வேதிப்பொருள் கால்சியத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. நாள்கணக்கில் நீளும் கட்டம் இது. பின்னர், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமும், இரைப்பையில் சுரக்கும் பெப்சின் நொதியும் கொலாஜனைக் கரைத்தெடுக்கின்றன. உப்பு சேர்த்தால் அது வீழ்படிவாகும். சுத்திகரித்து, உறைய வைத்து உலர்த்தினால் வெண்பஞ்சு போல் எஞ்சும். பெரும்பாலான பணிகள் சுமார் 4 டிகிரி செல்சியஸில் நடைபெற வேண்டும். சூடேறினால் கிடைப்பது கொலாஜன் அல்ல, வெறும் ஜெலட்டின்.

கிடைத்தது கொலாஜன்தானா என்பதை, அதன் மூன்று சங்கிலிகள் முறுக்கிய சுருள் வடிவம் குலையாமல் இருப்பதைக் கொண்டு உறுதி செய்கின்றனர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் முன்வைத்த அமைப்பு இது. மின்புலத்தில் சங்கிலிகளைப் பிரித்தல், அகச்சிவப்பு நிறமாலை ஆகியன வழக்கமான சோதனைகள். ஆயினும் மருத்துவப் பயன்பாட்டைத் தீர்மானிப்பதில் சுருள் குலையும் வெப்பநிலைக்குப் பெரும் பங்குண்டு. குளிர்கடல் மீன்களின் கொலாஜன், 37 டிகிரி மனித உடல் வெப்பத்தைத் தாங்காது.

இந்தியாவில் நிலைமை வேறு. கடலாமைகளும், பாலாமை, கங்கை மென் ஓட்டு ஆமை உள்ளிட்டவையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. வேட்டையாடினாலோ, உடற்பாகங்களை விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும், குறைந்தது ரூ.25,000 அபராதமும் விதிக்கப்படும்.

இது ஏட்டளவிலான அச்சம் அல்ல. 2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்ட பாலாமைகள் உயிருடன் பறிமுதல் செய்யப்பட்டன. கங்கைச் சமவெளியில் பிடிபடும் ஆமைகளின் ஓட்டுத் திசு உலர்த்தப்பட்டு, எல்லை தாண்டிக் கடத்தப்படுவதும் உண்டு. ஆமை ஓட்டுக்கு மருத்துவ மதிப்பு என்ற பேச்சு, இந்தச் சந்தைக்கு விளம்பரமாகிவிடும் ஆபத்து உள்ளது.

இந்திய ஆய்வாளர்களின் கவனம் மீன் செதில் பக்கம் உள்ளது. ரோகு, கட்லா செதில்களில் இருந்து எடுத்த கொலாஜன், குளிர்நீர் மீன்களுடையதைவிடக் கூடுதல் வெப்பத்தைத் தாங்குவதாக காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2010-இல் தெரிவித்தனர். இந்தச் செதில்கள், மீன் சந்தைகளில் நாள்தோறும் குப்பைக்குச் செல்பவை.