ஒரு தோல், மூன்று பிழைப்பு

ஊசிக்கணவாயை வளையம் வளையமாக நறுக்கி வறுக்கிறோமே, அந்தச் சதையும் முத்துச்சிப்பிக்குள் முத்தை உண்டாக்கும் தோலும் ஒரே உறுப்புதான். தூத்துக்குடி மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில் சொன்னால் சிரிப்பார்கள். விலங்கியலார் அதை மேன்டில் என்கிறார்கள்.

முதுகெலும்பில்லாதவற்றில் மெல்லுடலிகள் என்ற கூட்டத்துக்கு மூலதனம் மூன்றுதான்: தசைப் பாதம், மேன்டில், அது சுரக்கும் ஓடு. மன்னார் வளைகுடாவில் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் ஒரு விதமாகப் பிழைக்கிறது.

சிப்பி தலையையே கைவிட்டது. பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டில் நூலிழைகளால் ஒட்டிக்கொண்டு, செவுளால் நீரை வடிகட்டித் தின்கிறது. நட்சத்திர மீன் வந்தாலும் திருக்கை வந்தாலும் ஓட்டை மூடிக்கொள்வதோடு சரி. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். சூட்சுமம் உள்ளே வைக்கும் மணியில் இல்லை. இன்னொரு சிப்பியின் மேன்டிலில் சிறு துண்டு வெட்டி மணியோடு சேர்த்து வைக்க வேண்டும். அதன் செல்கள் பெருகி மணியைச் சூழ்ந்து படலம் படலமாகப் பூசும். துண்டில்லாமல் வைத்தால் கிடைப்பது வைத்த மணிதான்.

சங்கு தலையை விடவில்லை. மணலில் ஊர்ந்து புழுக்களை வேட்டையாடுகிறது. ஊர்ந்த தடமே சங்கு குளிப்பவரிடம் காட்டிக்கொடுத்துவிடும். கருவிலேயே இதன் உள்ளுறுப்புகள் அரைவட்டம் திரும்பி, ஆசனவாய் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. பூசையறைப் பொருளுக்கு இப்படியொரு ஏற்பாடு! வலம்புரி தனி இனமல்ல, சுருள் எதிர்த்திசையில் அமைந்த அபூர்வப் பிறவி. விலை மட்டும் தனி.

கணவாயோ ஓட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. ஊசிக்கணவாயைச் சுத்தம் செய்கையில் உருவி எறியும் கண்ணாடித் தகடும், ஓட்டுக்கணவாயின் வெள்ளை ஓடும் அதன் மிச்சம். பாதம் கைகளாகப் பிரிந்தது. மேன்டில் இறுகி நீரைப் பீய்ச்ச, உடல் பின்னோக்கிப் பாய்கிறது. அந்த வேகத்துக்கு மூன்று இதயங்கள்; ஓடுவது செம்பு கலந்த நீல ரத்தம்.

இதே கடலின் இறால் மெல்லுடலி அல்ல, வேறு கூட்டம்: கவசத்தை வெளியே அணிந்து, வளரும்போதெல்லாம் கழற்றுவது.

கடல் அட்டை இவற்றில் எதற்கும் நெருங்கிய சொந்தமில்லை. நட்சத்திர மீனின் ஐந்து பக்க அமைப்பை நீட்டிப் படுக்கவைத்த உடல். மூச்சுகூட ஆசனவாய் வழியாகத்தான். ஆனால் கருவில் முதலில் தோன்றும் துளை ஆசனவாயாகிற கூட்டத்தில் அதுவும் இருக்கிறது, நாமும் இருக்கிறோம். கணவாயைவிட அதுவே நமக்கு உறவு. 2001இல் அதைப் பிடிக்கத் தடை வந்தது. இலங்கைக்குக் கடத்தப்படும் அட்டை மூட்டைகள் இந்தக் கரையில் இன்றும் பிடிபடுகின்றன.