அடித்தட்டின் மையமும் அரை மில்லிமீட்டர் பிழையும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியா என்று வழங்கும் பகுதிக்குச் செல்வோரின் கண்கள் பெரும்பாலும் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலுமே நின்றுவிடுகின்றன. சற்றே அண்ணாந்து நோக்கினால், பினாங்குத் தெரு, மார்க்கெட் தெரு ஆகியவற்றின் பழைய கடைவீடுகளில் மேல்மாடிச் சன்னல்களின் மரக்கதவுகள் புலப்படும். 2008-ஆம் ஆண்டில் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இத்தகைய பழைய கதவைச் செப்பனிடும் தச்சர் ஒரு காடியைத் தவறாக வெட்டிவிட்டால், அதே மரத்துக்கு மாற்று எங்கே தேடுவது?

தோட்டத்து வாசகர்களுக்கும் இது தொலைவான செய்தியன்று. பால் குன்றிய ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகாயிற்று. இன்று அதே மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் உருப்பெறுகிறது. அத்தொழிலை நாடும் நம் இளைஞர்கள் முதலில் கையாளும் மின்கருவிகளுள் ஒன்று ரூட்டர். காடி வெட்டவும், கீல் பதிக்கவும், விளிம்பு செதுக்கவும் அது பயன்படுகிறது.

ரூட்டரின் கத்தியைக் கோலெட் என்னும் கவ்வி பிடித்திருக்கும். கருவியை மரத்தின்மேல் தாங்குவது அடித்தட்டு. வட்டமான அத்தட்டின் நட்டநடுவில் கத்தி சுழல்வதாக நாம் நம்புகிறோம். பல வேளைகளில் அது அவ்வாறு இருப்பதில்லை. தட்டு அரை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று கொள்வோம். நேர்ச்சட்டத்தை ஒட்டி ஓட்டும்போது கை சற்றே திரும்பினாலும் காடி கோணலாகும். அரைச்சுற்றுத் திருப்பினால் பிழை இரட்டித்து ஒரு மில்லிமீட்டராகிவிடும்.

இதைக் கண்டறிவது எளிது. வீண் பலகையொன்றில் நேர்ச்சட்டத்தை இறுக்கி, 12 மில்லிமீட்டர் கத்தியால் ஒரு காடி வெட்டுக. சட்டத்தை அசைக்காமல், கருவியை அரைச்சுற்றுத் திருப்பி அதே வழியில் மீண்டும் ஓட்டுக. காடியின் அகலம் 13 மில்லிமீட்டராக விரிந்திருந்தால் விலகல் அதில் பாதி. கால்சுற்றுத் திருப்பியும் இவ்வாறே சோதிக்க வேண்டும்; ஒரு திசையில் மறைந்திருக்கும் பிழை மறு திசையில் வெளிப்படும்.

மாதிரிப் பலகையின் உதவியால் கீல் பள்ளம் வெட்டுவோர், வழிகாட்டி வளையத்தைத் தட்டின் நடுத்துளையில் பொருத்துவர். வளையத்தின் வெளிவிட்டம் 30 மில்லிமீட்டர், கத்தி 12 மில்லிமீட்டர் எனில், இடைவெளி எங்கும் 9 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். மேற்சொன்ன விலகல் இருப்பின் ஒருபுறம் எட்டரையும் மறுபுறம் ஒன்பதரையுமாக அமையும். கைப்பிடியைத் திருப்பாமல் வெட்டினால் பள்ளம் முழுவதும் இடம்பெயரும்; திருப்பித் திருப்பி வெட்டினால் வடிவமே சிதையும். ஆகவே இவ்வேலைக்குத் தட்டின் வெளிவிளிம்பைவிட நடுத்துளையே முதன்மையானது.

திருத்தும் முறை இது. முதலில் மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும்; இதில் சோம்பல் கூடாது. கத்தியை அகற்றி, மையக்கூம்பின் தண்டைக் கோலெட்டில் பூட்டுக. தட்டின் திருகாணிகளைச் சிறிது தளர்த்தி, கூம்பு வளையத்தின் துளையில் எப்பக்கமும் படியும்வரை இறக்குக. பின்னர் திருகாணிகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்குக.

இத்தனையும் செய்தபின் தட்டு பழைய இடத்துக்கே ஓடிவிட்டதென்று சிலர் அலுத்துக்கொள்வர். குற்றம் திருகாணியில் இருக்கலாம். கூம்பிய தலையுள்ள திருகாணி, தட்டிலுள்ள கூம்புக் குழியில் இறங்கும்போது தட்டைத் தன் போக்கில் இழுத்துக்கொள்ளும். அடிப்புறம் தட்டையான தலையுள்ள திருகாணிகளை இட்டு, தட்டின் துளைகளைச் சற்றே அகலப்படுத்தினால் தட்டு நகர இடம் கிடைக்கும். திருகாணித் தலை தட்டின் மட்டத்துக்குக் கீழே நிற்க வேண்டும். இல்லையேல் மரத்தில் கீறல் விழும்.

கூம்பு இல்லாதோர் நேரான எஃகுத் தண்டொன்றைக் கோலெட்டில் பூட்டி, அதிலிருந்து துளையின் விளிம்புவரை நான்கு திசைகளிலும் காலிபரால் அளந்து சமப்படுத்தலாம். நேரம் கூடுதலாகும், வேலை கெடாது. அதன்பின் தட்டின் விளிம்பில் ஓரிடத்தில் புள்ளியிட்டு, நேர்ச்சட்டத்தை ஒட்டி ஓட்டும்போதெல்லாம் அப்புள்ளியே சட்டத்தைத் தொடுமாறு பிடித்தால், எஞ்சிய சிறு விலகலும் காடியைக் கோணலாக்காது.