பெரியவர் பெயரில் வரும் பணம்

ஒரு தவணைக்கு 2,000 ரூபாய். ஆண்டுக்கு மூன்று தவணையாக 6,000. நாள் கணக்குப் போட்டால் பதினாறு ரூபாய் சொச்சம்தான். ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் காட்டில் ராகி, சாமை, கொள்ளு விதைத்து, விளைந்ததில் பெரும்பங்கை வீட்டுச் சாப்பாட்டுக்கே வைத்துக்கொள்ளும் எழுபது வயதுப் பெரியவருக்கு இந்தத் தொகை எவ்வளவு பெரியது என்பதைத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மேட்டுநில ஊர்களில் விசாரித்தால் தெரியும். வீட்டில் தானியம் இருக்கும். கையில் ரொக்கம் இருக்காது. ஆடியில் பெய்த மழையின் ஈரம் காய்வதற்குள் உழவு ஓட்ட வேண்டும். டிராக்டர் வாடகையைக் கையோடு கொடுக்க வேண்டும். டிஏபி உரம் ஒரு மூட்டை 1,350 ரூபாய். பத்து வட்டிக்காரர் வீட்டுப் படியேறுவது இந்த நேரத்தில்தான்.

'கிசான் பணம்' என்று ஊரில் சொல்லப்படும் பிரதமரின் கிசான் சம்மான் நிதி, 2019 பிப்ரவரியில் தொடங்கியது. அன்று அறிவித்த தொகைதான் இன்றும். உரம், உழவு, மருந்து எல்லாம் விலை ஏறியும் 6,000 ஏறவில்லை. இதை 12,000 ஆக்கலாம் என்று நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழு 2024 டிசம்பரில் பரிந்துரைத்தது. பணம் வரும் நாளும் நிச்சயமில்லை. 2025-இல் ஒரு தவணை ஆடிப்பெருக்குக்கு முதல் நாள், ஆகஸ்ட் 2 அன்று விடுவிக்கப்பட்டது, விதைப்புக்குக் கைகொடுத்திருக்கும். அடுத்த தவணை நவம்பர் 19 அன்று, கோவையில் நடந்த விழாவில் விடுவிக்கப்பட்டது. இன்ன நாளில் வரும் என்று தெரியாத பணம் வாங்கிய கடனை அடைக்க உதவுமே தவிர, கடன் வாங்காமல் தடுக்காது. அந்த வகையில் மாதந்தோறும் வரும் முதியோர் உதவித்தொகைதான் பெரிய துணை. தமிழ்நாட்டில் அது 2023 ஆகஸ்டில் 1,000-இலிருந்து 1,200 ரூபாய் ஆனது.

தொகை சிறிதுதான். ஆனாலும் அது பெரியவரின் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கில் வருவதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். திருப்பூரிலோ பெங்களூரிலோ இருக்கும் மகனிடம் பிரஷர் மாத்திரைக்காகப் போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. பேத்தி ஊருக்கு வந்தால் கையில் பத்து ரூபாய் கொடுக்கலாம். வீட்டில் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு வருகிறது. ஆகவே, அந்தப் பெயர் எங்கெல்லாம் நழுவுகிறது என்பதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும்.

முதலில் பட்டா. தன் பெயரில் சாகுபடி நிலம் இருப்பவருக்குத்தான் கிசான் பணம். குத்தகைக்கு உழுபவர்களுக்கும் நிலமற்ற கூலிகளுக்கும் கிடையாது. இந்தத் திட்டத்தின் பெரிய அநியாயம் இது. நிலம் இருந்தும் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடந்தால் அவர்களுக்கும் இதே கதிதான். இதில் அதிகம் அடிபடுவது கணவரை இழந்த பெண்கள். முப்பது நாற்பது வருஷம் அந்தக் காட்டில் களை எடுத்தவர் அவர். பட்டா மட்டும் கணவர் பெயரில். கணவர் இறந்ததும் பணம் நின்றுவிடும். சொல்லாமல் விட்டு, இறந்தவர் பெயரில் தொடர்ந்து வந்த பணத்தை எடுத்தாலோ பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் கணவர் இறந்தால், மனைவி பிள்ளைகளோடு முதல் வகுப்பு வாரிசு. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், பிறகு இ-சேவை மையம் வழியாகப் பட்டா மாறுதல், அதன்பின் மனைவி பெயரில் புதுப் பதிவு என்று வரிசையாகச் செய்ய வேண்டும். 1.2.2019-க்குப் பிறகு கைமாறிய நிலத்துக்குப் பணம் இல்லை என்ற விதி, இறப்பால் வாரிசுக்கு வந்த நிலத்துக்குப் பொருந்தாது. அலுவலகத்தில் யாராவது அந்தத் தேதியைக் காட்டித் திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

"மகன் கவர்மென்ட் வேலையில் இருக்கானே, உங்களுக்கு எப்படிம்மா வரும்?" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் பலர். இது தவறு. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டும். வளர்ந்த மகன் வருமான வரி கட்டினாலும் அரசு ஊழியராக இருந்தாலும் தாய் தகப்பனின் தகுதி போகாது. பெரியவரோ அவர் மனைவியோ வருமான வரி கட்டினால், அல்லது நான்காம் நிலை ஊழியராக இல்லாமல் மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்கினால் தடை உண்டு. முதியோர் உதவித்தொகை வாங்குவது கிசான் பணத்துக்குத் தடையாகாது. ஆனால் முதியோர் உதவித்தொகைக்குச் சொத்து வரம்பு, ஆதரவின்மை என்று தனி விதிகள் உண்டு. அதற்கு மறுப்பு வந்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சில வீடுகளில் "எல்லாம் என் பேருக்கு எழுதிக் கொடுப்பா, நான் பார்த்துக்கறேன்" என்று மகன் கேட்பான். எழுதிக் கொடுத்த அன்றே பெரியவரின் கிசான் தகுதி போய்விடும். நிலத்தின் மேலுள்ள பிடியும் போய்விடும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை சோறும் வைத்தியமும் தந்து பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தானப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. வாய்ப்பேச்சை நம்பி விடாதீர்கள்.

அடுத்து, பணம் வந்தும் வராதது போன்ற நிலை. "இந்தத் தவணை வரலை" என்பவர்களில் சிலருக்குப் பணம் வேறு வங்கிக் கணக்கில் கிடக்கும். ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தார்களோ அந்தக் கணக்குக்குத்தான் அரசுப் பணம் போகும். நூறு நாள் வேலைக்கு ஒன்று, குழுக் கடனுக்கு ஒன்று என்று கணக்குத் தொடங்கி மறந்திருப்பார்கள். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். படித்த பிள்ளைகள் யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். கிசான் இணையதளத்திலும் பதிவு எண்ணைப் போட்டு, நில விவரம் சேர்ந்திருக்கிறதா, இ-கேஒய்சி என்னும் ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததா, ஆதார் வங்கியோடு இணைந்திருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். நில விவரம் சேரவில்லை என்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், இணைப்பு இல்லையென்றால் வங்கிக் கிளை அல்லது அஞ்சல் வங்கி. விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணுக்குப் பதிந்தாகிவிட்டதா என்பதையும் அந்த விரிவாக்க மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்வெட்டியும் கலப்பையும் பிடித்துப் பிடித்து விரல் ரேகை தேய்ந்தவர்கள்தான் இ-கேஒய்சிக்கும் பணம் எடுக்கவும் ரேகை பார்க்கும் இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். "ரேகை விழலை தாத்தா, நாளைக்கு வாங்க" என்றால் அவர் நாளையும் வருவார், மறுநாளும் வருவார். அவ்வளவு அலைய வேண்டியதில்லை. கிசான் இ-கேஒய்சியை 2023 முதல் கைபேசிச் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். எழுபது வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. கிளை மேலாளரிடம் அதை எழுத்தில் கேளுங்கள்.

ரேகை விழாததைவிட ஆபத்து, விழுந்தும் விழவில்லை என்று சொல்லப்படுவது. ஆதார் வழிப் பணம் எடுக்க ஓடிபி தேவையில்லை, விரல் போதும். இரண்டு மூன்று முறை விரல் வைக்கச் சொல்லிவிட்டு, பணம் வரவில்லை என்று அனுப்பிவிட்டால் பெரியவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை விரல் வைத்ததற்கும் ரசீது கேளுங்கள். மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் வரவு செலவைப் பதியுங்கள். உதவித்தொகை பட்டுவாடா செய்கிறவர் ஐம்பது, நூறு என்று பிடித்துக்கொள்ள எந்த அதிகாரமும் இல்லை. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி பிடிக்கிறதா? அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றச் சொன்னால் அந்தப் பிடித்தம் நிற்கும்.

வாட்ஸ்அப்பில் கிசான் பெயர் போட்டு வரும் செயலிக் கோப்பை யாரும் தொட வேண்டாம். தொட்டால் கைபேசியே மோசடிக்காரர் கைக்குப் போகலாம். பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். அதோடு மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். தாமதிக்கத் தாமதிக்க இழப்பு நம் தலையில் விழும். வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448.

தரகர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிசான் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போனது வெளிவந்தது. சிபிசிஐடி விசாரித்தது; சேர்க்கப்பட்டவர்களின் கணக்கிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. "அரசு தருது, ஆதாரும் பாஸ்புக்கும் குடுங்க" என்றவர்களை நம்பிய ஏழைகளும் அதில் இருந்தார்கள். கிசான் இணையதளத்தில் நாமே பதிவு செய்யக் கட்டணமில்லை. ஆதார் நகலை யாரிடம் கொடுத்தாலும் எதற்காக என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

கிசான் பணம் பற்றிய புகாருக்கு 155261. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள், மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம், முதல்வர் உதவி மையம் 1100. முதியோருக்கு 14567. வழக்கு வரை போக வேண்டியிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் வழக்கறிஞர் கிடைப்பார், எண் 15100. மனுவில் எந்தத் தவணை முதல் வரவில்லை, பதிவு எண் என்ன, பட்டா எண் என்ன என்ற மூன்றும் இருக்கட்டும். ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.