வீட்டுப் பாதுகாப்புக் கமராவும் முறைவழியாக்கியின் சுமையும்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று பல வீடுகளின் வாயிலிலும் முற்றத்திலும் பாதுகாப்புக் கமராக்களைக் காணலாம். முதியோர் மட்டும் வசிக்கும் வீட்டைப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கைத்தொலைபேசியில் பார்த்துக் கொள்கின்றனர். காட்சியைப் பதிவுசெய்வதற்கெனத் தனியான கருவியை வாங்கலாம். அல்லது வீட்டிலுள்ள கணினியிலேயே பதிவு மென்பொருளொன்றை நிறுவலாம். பின்னைய முறையைத் தெரிவுசெய்வோர் முதலில் அறிய வேண்டியது, அக்கணினியால் இவ்வேலையைத் தாங்க முடியுமா என்பதாகும். இதனை ஊகிக்கக் கூடாது; அளந்தறிய வேண்டும்.

1. சுமை என்றால் என்ன?

குறித்த நேர இடைவெளியில் முறைவழியாக்கி வேலையில் ஈடுபட்டிருந்த நேரத்தின் சதவீதமே அதன் சுமையாகும். 10 செக்கன்களில் 3 செக்கன்கள் வேலை செய்து, எஞ்சிய 7 செக்கன்கள் ஓய்வாக இருந்தால் சுமை 30% ஆகும்.

இன்றைய முறைவழியாக்கிகள் பல கருக்களைக் கொண்டவை. கரு என்பது தனித்து இயங்கக்கூடிய ஒரு செயன்முறை அலகாகும். நான்கு கருக்களுள் ஒன்று முழுமையாக வேலை செய்ய மற்றைய மூன்றும் ஓய்வாக இருந்தால், மொத்தச் சுமை 25% எனவே காட்டப்படும். ஆனால் அந்த ஒரு கருவை நம்பியிருக்கும் வேலை அதன் எல்லையை அடைந்துவிட்டது. ஆகவே மொத்தச் சுமையுடன் ஒவ்வொரு கருவின் சுமையையும் பார்த்தல் வேண்டும்.

2. சுமை ஏன் கூடுகின்றது?

கமரா தனது காட்சியை எச்.264 போன்ற முறையில் நெருக்கி அனுப்புகின்றது. அதனை அப்படியே வன்தட்டில் எழுதுவது இலகுவான வேலை. அசைவைக் கண்டறிய வேண்டுமாயின், நெருக்கலை நீக்கி ஒவ்வொரு சட்டகத்தையும் முந்திய சட்டகத்துடன் ஒப்பிட வேண்டும். இதுவே பெருஞ்சுமையாகும்.

உதாரணம்: 1920 × 1080 அளவுடைய ஒரு சட்டகத்தில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. செக்கனுக்கு 15 சட்டகங்கள் வீதம் 4 கமராக்களுக்கு,
20,73,600 × 15 × 4 = 12,44,16,000 படப்புள்ளிகள்.

பல கமராக்கள் ஒரே காட்சியைப் பெரிய அளவிலும் சிறிய அளவிலும் இரு தாரைகளாக அனுப்பக்கூடியவை. பெரிய தாரையைப் பதிவுக்கு வைத்துக்கொண்டு, 640 × 360 அளவுடைய சிறிய தாரையில் செக்கனுக்கு 5 சட்டகங்களை மட்டும் அசைவுக்காக ஆராய்ந்தால்,
2,30,400 × 5 × 4 = 46,08,000 படப்புள்ளிகள்.

ஒப்பிட வேண்டிய அளவு 27 இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! பதிவின் தெளிவோ குறையவில்லை.

3. அளக்கும் முறை

விண்டோஸ் கணினியில் கொன்றோல், ஷிவ்ற், எஸ்கேப் ஆகிய சாவிகளை ஒன்றாக அழுத்தினால் ரஸ்க் மனேஜர் திறக்கும். லினக்ஸில் ‘ரொப்’ என்னும் கட்டளை இதே தகவலைத் தரும்.

(அ) பதிவு மென்பொருளை இயக்காமல் 10 நிமிடங்கள் சுமையைக் குறித்துக்கொள்க. இது அடிப்படை அளவாகும்.
(ஆ) ஒரு கமராவை மட்டும் இணைத்து மீண்டும் 10 நிமிடங்கள் அளக்குக. பின்னர் ஒவ்வொன்றாகக் கூட்டுக.
(இ) நேரடிக் காட்சிச் சாளரத்தை மூடியும் திறந்தும் அளக்குக. திரையில் காட்டுவதற்கும் சுமை உண்டு.
(ஈ) அசைவு குறைந்த வேளையிலும் கூடிய வேளையிலும் அளக்குக.

4. சராசரி மட்டும் போதுமா?

நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த பத்து அளவீடுகள் பின்வருமாறு எனக் கொள்வோம்:
18, 20, 22, 19, 95, 98, 96, 21, 20, 21

கூட்டுத்தொகை 430, சராசரி 43%. இக்கணினிக்குக் குறையில்லை என்றே தோன்றும். ஆனால் மூன்று நிமிடங்களில் சுமை 95% அல்லது அதற்கு மேலாகும். அந்த நிமிடங்களில்தான் கமராவின் முன் அசைவு நிகழ்ந்தது. சுமை எல்லையை எட்டும்போது சட்டகங்கள் நினைவகத்தில் வரிசையில் காத்திருக்கும். வரிசை நிரம்பியதும் சில கைவிடப்படும. அதாவது, ஒருவர் மதிலேறிக் குதித்த கணமே பதிவில் இல்லாமற் போகலாம். ஆகவே சராசரியுடன் உச்ச அளவையும் கட்டாயம் குறிக்க வேண்டும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் பனையோலையும் வேப்பங்கிளையும் ஓயாது அசையும். மென்பொருள் இதனையும் அசைவாகவே கொள்ளும். காற்றில்லாத நாளில் எடுத்த அளவீடு இங்கு போதாது.

5. சுமையைக் குறைக்கும் வழிகள்

‘சோன்மைண்டர்’ என்பது லினக்ஸில் இயங்கும் இலவசத் திறந்த மூல மென்பொருளாகும். பிலிப் கூம்ப்ஸ் என்பவர், தமது கராஜிலிருந்த மின்கருவிகள் களவு போன பின்னர், 2002 ஆம் ஆண்டில் இதனை உருவாக்கத் தொடங்கினார். தேவையான பகுதி மட்டும் தேவையான வேளையில் இயங்கி வளங்களை மிச்சப்படுத்துவது இதன் வடிவமைப்பின் நோக்கமாகும். காட்சியில் எந்த வலயத்தில் மட்டும் அசைவைத் தேட வேண்டுமென இதில் குறிக்கலாம். வாயிலையும் மதிலையும் வலயமாக்கி, மரத்தையும் வீதியையும் விலக்கினால் வீண் எச்சரிக்கையும் வீண் பதிவும் குறையும்.

கணினியின் விசிறியிலுள்ள தூசை அகற்றுவதும் அவசியம். முறைவழியாக்கி அதிகம் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது அதே வேலைக்குச் சுமை கூடும்.

சுமை கூடினால் மின்நுகர்வும் கூடும், மின்தடையின்போது யூ.பி.எஸ். தாங்கும் நேரம் குறையும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய நம் நாட்டில் இது சிறிய விடயமன்று.

நினைவிற் கொள்க
* சுமை = வேலை செய்த நேரம் ÷ மொத்த நேரம் × 100
* சராசரி, உச்சம், ஒவ்வொரு கருவின் சுமை ஆகிய மூன்றையும் பார்க்குக.
* அமைதியான வேளையில் எடுத்த அளவீட்டை மட்டும் நம்பி கமராக்களைக் கூட்டாதீர்கள்.

பயிற்சி
1. 1280 × 720 அளவில், செக்கனுக்கு 10 சட்டகங்கள் அனுப்பும் ஒரு கமராவின் படப்புள்ளிகள் செக்கனுக்கு எத்தனை?
2. எட்டுக் கருக்களுள் இரண்டு மட்டும் முழுமையாக இயங்கினால் மொத்தச் சுமை யாது?

விடைகள்: (1) 92,16,000 (2) 25%