பொய்மீனும் மெய்ம்மீனும்

ஹரித்துவாரத்துக்கு யாத்திரை வரும் நம்மவர், கங்கைப் படித்துறையில் நின்று பொரியும் மாவுருண்டையும் இறைக்கையில், கரிய முதுகுகள் பல ஒருங்கே மேலெழுந்து கவ்வுவதைக் கண்டிருப்பர். அவற்றுள் பெருஞ்செதிலும் பொன்னிற விலாவும் உடையது மஹசீர் என்னும் கெண்டையினம். படித்துறையில் அதனைப் பிடிக்கலாகாது. மலைக்குள் ஏறிச் சென்று, நாயார் நதி கங்கையுடன் கலக்கும் வியாசகாட் பக்கத்தில், அனுமதிச் சீட்டுப் பெற்றுத் தூண்டில் வீசுவோர் உண்டு. ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நாமும் அப்பித்தர்களுள் ஒருவரே. விடுமுறை வாய்க்குந்தோறும் நஜீபாபாத் வழியே கோட்துவாருக்கு ரயிலிலும், அங்கிருந்து சத்புலிக்குப் பஸ்ஸிலும் போய்வருவது நமது வழக்கம்.

"மண்புழு இல்லை, மாவு இல்லை, ஒரு பொம்மையைக் காட்டியா மீன் பிடிக்கிறீர்?" என்று சங்கத்து அன்பர் சிலர் நகைத்தனர். அவர்கட்கு விடையாகவே இதனை எழுதத் துணிந்தோம்.

இப்பொம்மைக்குக் கிராங்க்பெய்ட் என்று பெயர். ரீலின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உயிர்பெற்று நெளிவது இது. அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்னும் மீனுக்காக வளர்ந்த வித்தை. பின்லாந்து தேசத்து மீனவர் லௌரி ராபாலா 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசித் தமது முதற் பொய்மீனைச் செய்தார். 1960-களின் இறுதியில் டென்னஸி மாநிலத்து பிரெட் யங் என்பார் பால்சா மரத்தில் குட்டையாகவும் பருமனாகவும் செதுக்கிய ஒன்று பாஸ் பிடிப்போரிடையே பெரும் புகழ் பெற்றது. தம்பட்டமில்லாத இக்கைத்தொழிலாளர்களை நினைத்தால் நமக்கு ஒரு தனி மரியாதை.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. கடைக்குச் செல்பவர் முதலில் மயங்குவது வர்ணத்தில். நாமும் டேராடூனில் ஒரு மாதச் சில்லறைச் செலவையெல்லாம் சிவப்பும் பச்சையுமாய்ப் பளபளத்த ஆறு பொய்மீன்களில் போக்கினோம். பார்க்க வேண்டியது வர்ணமன்று, மூக்கின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தகடு. நாக்கு என்றே அதனைச் சொல்லலாம். நாக்கு நீண்டு, உடம்போடு ஏறத்தாழ ஒரே கோட்டில் முன்னோக்கி நீண்டிருந்தால் பொய்மீன் ஆழத்தில் பாயும். குட்டையாய், செங்குத்தாக இறங்கியிருந்தால் மேல்நீரிலேயே ஓடும். முழங்கால் நீரில் நெடுநாக்கை வீசினால் அது கல்லிடுக்கில் சிக்கி அங்கேயே நிற்கும். நமது ஆறில் நான்கு இவ்வாறே முதல் நாள் நாயாருக்குக் காணிக்கையாயின.

நரம்பின் பருமனும் கணக்கில் சேரும். தடித்த நைலான் நரம்பு நீரை எதிர்த்து நின்று பொய்மீனை ஆழம் போகவிடாது, மெல்லியது விடும். தூரமாக வீசினால்தான் அது முழு ஆழத்தை எட்ட அவகாசம் கிடைக்கும். நேராக வராமல் இடப்பக்கம் ஒதுங்கி ஓடுகிறதா? நரம்பு கட்டும் மூக்கு வளையத்தைக் குறட்டினால் வலப்பக்கம் மயிரிழை வளைத்தால் போதும்.

சுற்றும் முறையில்தான் சூட்சுமம். ஏரியில் பாஸ் பிடிப்பவர் ஒரே சீராகச் சுற்றி, கட்டையிலோ கல்லிலோ இடித்ததும் கணம் நிறுத்துவார். மிதக்கும் பொய்மீன் அப்போது மெல்ல மேலெழும். தடுமாறிய குஞ்சென எண்ணிப் பின்தொடரும் மீன் பாயும். சிக்கிக்கொண்டாலும் இழுக்காது நரம்பைத் தளர்த்தினால் அதுவே மிதந்து விடுபடுவதுண்டு. இதனை யாம் கற்றது நான்கைத் தொலைத்த பின்னர். ஓடும் ஆற்றிலோ வேலையில் பாதியை நீரே செய்கிறது. நீரோட்டத்துக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசி, கோலைத் தாழ்த்திப் பிடித்து, நரம்பு விறைப்பாக நிற்கும் அளவே சுற்ற வேண்டும். சுழலும் அமைதியும் சந்திக்கும் கோட்டில் அது வரும்போது கோலின் நுனி நடுங்குவதைக் கை உணரும். அந்நடுக்கம் நின்றால் சருகு மாட்டியிருக்கிறது, அல்லது மீன்.

2019 ஏப்ரலில் அந்நடுக்கம் நின்றது. பனியுருகிக் கங்கை கலங்கத் தொடங்கியிருந்தது; நாயார் தெளிவாக இருந்தது. இரண்டும் கலக்கும் வரம்பில் பாய்ந்த மஹசீர் ரீலிலிருந்து நரம்பைப் பாதிக்குமேல் உருவிக்கொண்டு ஓடிற்று. கரைக்கு அது வருவதற்குள் நமக்குக் கைகள் மரத்தன. நான்கு கிலோ இருக்கும். அதுவரை நம் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

பொய்மீனின் வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் ஒவ்வொன்று. வயிற்றுமுள் மீனின் உதட்டில், வால்முள் செவுளுக்குள். துணைக்கு வந்த கடுவாலி முதியவர், "பாபுஜி, தண்ணீரிலேயே வையுங்கள்" என்று இந்தியில் கூவினார். நாமோ புகைப்பட ஆசையில் அதனைச் சுடுகல்லில் கிடத்தினோம். செவுள் முள்ளைக் கழற்றக் கால்மணி பிடித்தது. திரும்ப நீரில் விட்டபோது மல்லாந்தது. முதியவர் இடுப்பளவு நீரில் இறங்கி, ஓட்டத்தை எதிர்நோக்கி அதன் தலையைப் பிடித்து நெடுநேரம் நின்றார். பயனில்லை. வனக்காவலரிடம் நாமே சென்று கூறினோம். அவர் ஒன்றும் கடியவில்லை, அதுவே கடினமாயிருந்தது.

இம்மீன் உத்தராகண்டத்தின் மாநில மீன். அழிவை எதிர்நோக்கும் இனமென உலகப் பட்டியலில் உள்ளது. அணைகள் அதன் ஏற்றத்தை மறிக்கின்றன. வெடிவைத்துப் பிடிப்போர் குஞ்சையும் விடுவதில்லை. நம் காவிரியில் வாழும் அதன் திமில்முதுகு உறவோ 2018 முதல் அதனினும் மோசமான வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. இவையெல்லாம் நாம் முன்பே படித்திருந்தவைதாம்.

அவ்வாரமே மும்முனை முட்களையெல்லாம் கழற்றி எறிந்தோம். வாலில் மட்டும் தடித்த ஒற்றை முள். அதன் எதிர்ப்பல்லையும் குறட்டால் நசுக்கிவிட்டோம். முள்ளின் கனம் மாறியதால் பொய்மீனின் நெளிவு கெட்டுவிடுமோ என அஞ்சி, முதலில் வீட்டு வாளியிலும் பின்னர் ஒரு கால்வாயிலும் இழுத்துச் சோதித்தோம். மனையாள் சிரித்தாள். சிறிது மந்தமாயினும் நெளியத்தான் செய்கிறது.

சென்ற நவம்பரில் நாயாரில் மூன்று மீன்கள் உதறிவிட்டுப் போயின. நான்காவது வந்தது, நீரைவிட்டு எடுக்காமலே முள்ளைத் திருகினோம், அரை நிமிஷத்தில் போயிற்று. புகைப்படம் இல்லை.