மலை சின்னதுதான்... மூச்சு முட்டுது பாஸ்!

‘இங்கிலாந்து’ன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பிக் பென், லார்ட்ஸ் மைதானம், மழை, குடை... இந்த லிஸ்ட்டில் மலைக்கு இடமே இருக்காது. அதில் தப்பும் இல்லை. அந்த நாட்டிலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் சிகரம் வெறும் 978 மீட்டர்தான்!

ஆனால், அந்தக் குட்டி மலைகளுக்கு நடுவில் ஓடும் கிராமத்து ரோடுகள் இருக்கே... கில்லாடி சைக்கிள் பார்ட்டிகளையே கீழே இறங்கித் தள்ள வைப்பவை. காரணம் உயரம் இல்லை பாஸ், சாய்வு!

பிரான்ஸின் புகழ்பெற்ற ஆல்ப் டி ஹ்யூஸ் ஏற்றத்தை எடுத்துக்கோங்க. 13.8 கிலோமீட்டர் நீளம், 21 கொண்டை ஊசி வளைவுகள். வளைச்சு வளைச்சுப் போட்டதால், சராசரி சாய்வு 8.1 சதவிகிதம்தான். அதாவது, 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரம். இங்கிலாந்தில் பல மலை ரோடுகளின் கதை வேறு. பொதி சுமந்த குதிரைகளும் ஆட்டு மந்தைகளும் நடந்த பழைய தடங்கள்தான் பின்னாளில் தார் ரோடு ஆயின. குதிரைக்குக் கொண்டை ஊசி வளைவு எதுக்கு? நேரா மேலே ஏறிடும். அதே தடத்தில் இப்போது சைக்கிள் ஏறணும்!

கொஞ்சம் கணக்கு... ப்ளீஸ் ஓடாதீங்க!

ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸில் ‘சாய்தளம்’ன்னு ஒரு சேப்டர் வருமே, அது இங்கேதான் உயிரோடு வருது. ஆளும் சைக்கிளும் சேர்த்து 75 கிலோன்னு வெச்சுக்குவோம். 5 சதவிகித ஏற்றத்தில் புவியீர்ப்பு உங்களைப் பின்னால் இழுப்பது கிட்டத்தட்ட 4 கிலோ எடைக்குச் சமம். அதுவே 33 சதவிகிதம் என்றால், 24 கிலோ! ஒரு அரிசி மூட்டையைக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டே மிதிக்கிற மாதிரி.

அந்த ஏற்றத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நடக்கிற வேகத்தில் போகவே சுமார் 320 வாட் பவர் வேணும். நாலு சீலிங் ஃபேனை ஓட்டுற கரன்ட்! சாதாரண ஆரோக்கியமான ஆள் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 100-லிருந்து 150 வாட்தான். அப்புறம் மூச்சு முட்டாம என்ன செய்யும்?

எல்.கே.ஜி: பாக்ஸ் ஹில்

லண்டனுக்குத் தெற்கே, சர்ரே மாவட்டத்தில் இருக்கும் பாக்ஸ் ஹில்லில் இருந்து ஆரம்பிப்பதுதான் நல்லது. ‘ஜிக் ஜாக் ரோடு’ன்னு பேர். சுமார் 2.5 கிலோமீட்டர், சராசரி சாய்வு 5 சதவிகிதம். வளைந்து வளைந்து போவதால் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். சனி, ஞாயிறு ஆனால் லண்டன்வாசிகளின் சைக்கிள் கூட்டம் இங்கே அள்ளும்.

2012 ஒலிம்பிக்ஸ் சைக்கிள் ரோடு ரேஸ் நடந்தது இதே ரோட்டில்தான். ஆண்கள் இந்த மலையை 9 தடவை சுற்றினார்கள், பெண்கள் 2 தடவை. ‘தங்கம் நம்ம மார்க் கேவண்டிஷுக்குத்தான்’ என்று உள்ளூர் ரசிகர்கள் ரோட்டோரம் குவிந்து நிற்க, தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனவர் கஜகஸ்தானின் வினோகுரோவ். ஈஸியான மலைதான். ஆனால், 9 தடவை ஏறினால் எது ஈஸி? மறுநாள் பெண்கள் ரேஸில் வெள்ளி வென்று பிரிட்டனின் மானத்தைக் காப்பாற்றினார் யார்க்‌ஷயர் பொண்ணு லிஸ்ஸி. அவர் ஊருக்கும் போவோம். வழியில் ஒரு ஸ்டாப்!

பி.இ. சிவில்: வின்னட்ஸ் பாஸ்

பீக் டிஸ்ட்ரிக்ட். காஸில்டன் என்கிற கிராமத்தில் இருந்து சுண்ணாம்புப் பாறைப் பிளவுக்குள் புகுந்து ஏறுகிறது வின்னட்ஸ் பாஸ். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி பச்சைச் சரிவு. பல இடங்களில் சாய்வு 20 சதவிகிதம். 2021-ல் பிரிட்டனின் தேசிய மலையேற்ற சைக்கிள் சாம்பியன்ஷிப் இங்கேதான் நடந்தது.

‘இவ்ளோ செங்குத்தா ஒரு ரோடு தேவையா? பக்கத்துல சுத்துப் பாதை போடக் கூடாதா?’ன்னு கேக்குறீங்களா... போட்டாங்க! பக்கத்து மலையான மாம் டோர் சரிவில், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சாய்வு குறைந்த ரோடு போட்டார்கள். ஆனால், அந்த மலைச்சரிவு மெள்ள மெள்ள நகர்ந்துகொண்டே இருக்கிறது. ‘நடுங்கும் மலை’ன்னே அதற்குப் பட்டப்பெயர். திரும்பத் திரும்ப ரிப்பேர் செய்து பார்த்த இன்ஜினீயர்கள், 1979-ல் ‘போதும்டா சாமி’ன்னு நிரந்தரமாக மூடிவிட்டார்கள். உடைந்து தொங்கும் அந்தத் தார் ரோட்டில் இப்போதும் நடந்து போய்ப் பார்க்கலாம். ஈஸி ரூட் போயாச்சு, கஷ்டமான ரூட் நிக்குது!

லிஸ்ஸி ஊர், பெரில் ஊர்!

யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதிக்கு வந்துட்டோம். ஹாஸ் என்கிற சின்ன டவுனில் இருந்து ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் இருப்பது பட்டர்டப்ஸ் பாஸ். உயரம் 526 மீட்டர். ரோட்டோரத்தில் சுண்ணாம்புப் பாறையில் ஆழமான குழிகள் இருக்கும். சந்தைக்குப் போகிற விவசாயிகள் வெயிலில் வெண்ணெய் உருகாமல் இருக்க இந்தக் குழிகளுக்குள் இறக்கி வைத்தார்களாம். அதனால் ‘வெண்ணெய்த் தொட்டி’ன்னு பேர் வந்ததாக ஊருக்குள் ஒரு கதை.

2014 ஜூலை 5 அன்று டூர் டி பிரான்ஸ் போட்டியின் முதல் நாள் ரேஸ் லீட்ஸ் நகரில் தொடங்கி, இந்த மலையில் ஏறி இறங்கி ஹாரோகேட்டில் முடிந்தது. பிரான்ஸ் ரேஸ் இங்கிலாந்தில் ஆரம்பம்! அன்றைக்கு பட்டர்டப்ஸில் ரோடே தெரியவில்லை, அவ்வளவு ஜனம். கூட்டத்தைப் பிளந்துகொண்டுதான் வீரர்கள் மேலே ஏறினார்கள்.

லிஸ்ஸியின் ஊரான ஓட்லி இந்தப் பகுதிக்குத் தெற்கே இருக்கிறது. 2015-ல் உலக சாம்பியன், 2021-ல் பெண்களுக்காக முதன்முறையாக நடந்த பாரீஸ்-ரூபே ரேஸின் வின்னர் எல்லாமே அவர்தான். ஆனால், அந்த ஏரியாவின் ஒரிஜினல் சூப்பர் ஸ்டார், லீட்ஸ் பக்கத்து மோர்லியைச் சேர்ந்த பெரில் பர்ட்டன். சின்ன வயசில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, ‘உடம்பை ரொம்ப வருத்தாதே’ என்று டாக்டர்களிடம் அட்வைஸ் வாங்கிய பொண்ணு. தோட்ட வேலை பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதித்தவர்.

1967-ல் ஒரு 12 மணி நேரப் போட்டி. பெரில் மிதித்தது 277.25 மைல், அதாவது சுமார் 446 கிலோமீட்டர். அன்றைய ஆண்கள் சாதனையையே தாண்டிய தூரம்! ஆண்களில் முதலில் போய்க்கொண்டிருந்த மைக் மெக்நமாராவை முந்தும்போது, ஜெர்சி பாக்கெட்டில் இருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார் பெரில். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பெண்களில் இந்த ரெக்கார்டை உடைக்க 2017 வரை, 50 வருஷம் ஆச்சு!

க்ளைமாக்ஸ்: ஹார்ட்நாட்

இன்னும் வடமேற்கே போனால், லேக் டிஸ்ட்ரிக்ட். இங்கேதான் இருக்கிறார் வில்லன், ஹார்ட்நாட் பாஸ். உச்சி வெறும் 393 மீட்டர். ஆனால், செங்குத்தான இடத்தில் 3 மீட்டருக்கு 1 மீட்டர் உயருது. அதே 33 சதவிகிதக் கணக்கு! உட்கார்ந்தே மிதித்தால் முன் சக்கரம் தூக்கும். எழுந்து நின்று மிதித்தால், ஈர ரோட்டில் பின் சக்கரம் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் பேலன்ஸ் செய்தால்தான் மேலே!

இந்த வழியை முதலில் ரோடு ஆக்கியவர்கள் ரோமானியர்கள். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கட்டிய கோட்டையின் கற்சுவர்கள் ஏற்றத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் நிற்கின்றன.

இதைத் தேடிப் போய் ஏறும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஃபிரெட் விட்டன் என்பவர் அந்தப் பகுதி சைக்கிள் கிளப் ஒன்றின் செயலாளர். 1998-ல் 50 வயதிலேயே புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. நண்பர்கள் சிலை வைக்கவில்லை. அவர் நினைவாக அடுத்த வருஷமே ஒரு சைக்கிள் பயணம் தொடங்கினார்கள். 112 மைல், அதாவது சுமார் 180 கிலோமீட்டர். கிர்க்ஸ்டோன், ஹானிஸ்டர், நியூலேண்ட்ஸ், வின்லாட்டர் என்று வரிசையாக மலைகள். 150 கிலோமீட்டருக்கு மேல் மிதித்துக் கால் கெஞ்சும் நேரத்தில் ஹார்ட்நாட், அதை விட்டால் ரைனோஸ்! நுழைவுக் கட்டணத்தில் சேரும் பணம் நல்ல காரியங்களுக்குப் போகிறது. பலர் ஹார்ட்நாட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டே போவார்கள். யாரும் சிரிப்பதில்லை. பக்கத்தில் தள்ளுகிறவரும் அதே நிலைமைதான்!

ஃபிட்னஸ் கம்மியா இருக்கிறவர்களுக்கும் ஒரு ரூட் உண்டு. 1994-ல் திறக்கப்பட்ட ‘ஸீ டு ஸீ’ பாதை. மேற்குக் கடற்கரையின் வொயிட்ஹேவனில் இருந்து கிழக்குக் கடற்கரை வரை சுமார் 225 கிலோமீட்டர். கிளம்பும்போது பின் சக்கரத்தை ஐரிஷ் கடலில் நனைப்பார்கள். மூணு, நாலு நாள் கழித்து முன் சக்கரத்தை வட கடலில் நனைத்தால், பயணம் ஓவர்!

போறதுக்கு முன்னாடி...

* மேற்கில் இருந்து கிழக்கே போங்க. அங்கே பெரும்பாலும் மேற்குக் காற்றுதான். முதுகில் தள்ளிவிடும்.

* சின்ன கியர் முக்கியம். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. முட்டி தப்பிக்கும்.

* ஆடு தாண்டாமல் இருக்க ரோட்டுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். அதை நேராகக் கடக்கணும். சாய்வாகப் போனால் சறுக்கல்தான்.

* ஏறுவதைவிட இறங்குவது டேஞ்சர். வளைவுக்கு முன்னாடியே பிரேக் பிடிங்க. அந்தப் பக்கம் ஆடு படுத்திருக்கலாம்!

* நம்மைப் போல அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டணும். முந்தும் கார்கள் சைக்கிளுக்குக் குறைந்தது 1.5 மீட்டர் இடம் விட வேண்டும் என்கிறது 2022-ல் திருத்தப்பட்ட அவர்களின் சாலை விதி.

கடைசியா ஒரு ஃப்ளாஷ்பேக். பிரிட்டனின் சைக்கிள் பயணிகள் சங்கம் 1878-ல் தொடங்கப்பட்டது, டூர் டி பிரான்ஸ் முதல் நாள் முடிந்த அதே ஹாரோகேட்டில். கார்கள் வருவதற்கு முன்பே, செங்குத்தான சரிவுகளின் உச்சியில் ‘இந்த மலை ஆபத்தானது’ என்று போர்டு வைத்தவர்கள், இது மாதிரி சைக்கிள் சங்கத்து ஆட்கள்தான்.

போர்டை நட்டுட்டு என்ன செஞ்சாங்கன்னு கேக்குறீங்களா? வீட்டுக்குப் போகலை பாஸ்... அடுத்த மலையைத் தேடிப் போனாங்க!